அட்டைப்படத்தில் ஒரு மரம்

ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றில் வசித்த நீர்யானையம்மாள், சேற்றில் இடம்பிடிக்கச் சண்டை போடும் இரண்டு நாத்தனார்களைப் பற்றிச் சிரிப்புக் கதை எழுதினாள். கதை முழுக்கத் தண்ணீருக்குள்தான் நடந்தது. வடக்கேயிருந்து வந்த பதிப்பாளர் நாரையார் அட்டைப்படத்தைக் காட்டினார். வறண்ட நிலம், ஒற்றை மரம், அடியில் அழுகிற நீர்யானை.

“நாரையாரே, என் கதையில யாருமே அழலையே?”

“ஆப்பிரிக்கப் பொம்பளை எழுதினா அழுகைதாம்மா விக்கும். அதிருக்கட்டும், நீங்க எழுதுறப்போ குட்டியை யார் பாத்துக்கிட்டா?”

“காண்டாமிருகத்தாரும்தான் புத்தகம் போட்டார். அவர்கிட்ட இதைக் கேட்டீங்களா?”

“அவர் எழுத்தாளராச்சே!”

நீர்யானையம்மாள் வாயை அகலத் திறந்து, அட்டையை வாங்கி மென்று விழுங்கினாள்.

“ஐயையோ! அட்டையில்லாம புத்தகம் எப்படிம்மா போகும்?”

“அப்படியே போகட்டும். உள்ளே என்ன இருக்குன்னு ஒருத்தராவது படிச்சுப் பாப்பாங்க.”