பஞ்சு சுற்றிய குச்சி

டிரம்ஸ் சத்தம் காதைப் பிளக்கிறது என்று சபையின் மூப்பர்கள் முறையிட்டதும், பாஸ்டர் டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்டினார். டிரம்ஸ் அடிக்கும் எபனேசர் உள்ளே போய் உட்கார்ந்ததும், சத்தம் கசியாமல் இருக்கக் கதவை வெளியிலிருந்து தாழிடுவார்கள். அப்போதும், “இன்னும் கொஞ்சம் மெல்ல, எபனேசர்” என்றார்.

எபனேசர் மரக்குச்சியை விட்டு மூங்கில் குச்சிக் கட்டுக்கு மாறினான். அடுத்த ஞாயிறு, மெல்லிய கம்பி இழைகள் வைத்த டிரம்ஸ் பிரஷ். அதற்கும் முகம் சுளித்தார்கள். கடைசியில் குச்சி நுனியில் பஞ்சு வைத்து, பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டினான். பாதிப் பாட்டில் ஆத்திரம் மூண்டு, டிரம்ஸைத் தொடாமல் காற்றிலேயே அடித்தான். பாடகர் குழு அவன் கையைப் பார்த்துத் தாளம் பிசகாமல் பாடி முடித்தது.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் பாஸ்டரின் குரல் வந்தது: “இன்னைக்குத்தாம்பா நிறைவா இருந்துச்சு. இனிமே இப்படியே அடி.”

ஆராதனை முடிந்து மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தாழ்ப்பாளைத் திறக்க வேண்டிய மைக்செட்காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எபனேசர் குச்சியால் கண்ணாடியைத் தட்டினான். பஞ்சுதான் அமுங்கியது. குச்சியை எறிந்துவிட்டு முஷ்டியை ஓங்கினான். ஓங்கிய கை, கண்ணாடியை நெருங்கும்போது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்லத் தட்டியது.