விட்டுக்கொடுத்த இடம்

"அக்கா, சந்தோசமா எழும்பி இடத்தைக் குடுங்கோ. ஏன் களவெடுத்த ஆள் மாதிரி முழிக்கிறியள்?" என்றார் இயக்குநர் தர்சன்.

மனோகரிக்கு வியர்த்துக் கொட்டியது. குறிகாட்டுவான் இறங்குதுறையில், கட்டி நின்ற படகில், ஐந்தாவது தடவையாக அதே காட்சி.

எடுப்பது சிவகுமரனின் வாழ்க்கைப் படம். நயினாதீவில் பிறந்து, இன்று நாலைந்து நாடுகளில் கணினி நிறுவனம் நடத்துகிறவர். இருபது வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், வெளிநாட்டிலிருந்து அவருடைய வீட்டுத் தொலைபேசிக்கு வேலை நேர்காணல் வர இருந்தது. நயினாதீவுக்குப் புறப்பட நின்ற படகிலோ இனி ஒருவருக்கும் இடமில்லை என்றுவிட்டார்கள். அப்போது இறங்கி இடம் விட்ட பெண்ணை அவர் மறக்கவேயில்லை. அவளுடைய ஊரான இறுப்பிட்டிவரை தேடி வந்து, அந்த வேடத்தில் மனோகரியே நடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மகள் மிதுஷாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனோகரிக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் காட்சியும் போகும், மானமும் போகும். செய்யாத நன்மைக்கு நன்றி வாங்குவது மட்டும் எந்த ஊர் நியாயம்?

படகை விட்டு இறங்கி, கரையில் நின்ற சிவகுமரனிடம் நேரே போனாள்.

"குறை நினையாதையும் தம்பி. நான் ஒண்டும் விட்டுத் தரேல்லை. வன்னியிலையிருந்து கலியாணம் கட்டி வந்த புதுசு, கடலெண்டாலே நடுக்கம். கரைப்பக்கமா இருந்தனான். பின்னாலை ஆரோ, போட் ஓட்டை, தாழப்போகுது எண்டு காதுக்குள்ளை சொல்லிச்சினம். கீழை தண்ணியும் நிண்டது. உயிர்ப் பயத்திலை இறங்கினனான். நீர் ஏறேக்குள்ள ஒரு வார்த்தை சொல்லேல்லை. அந்தப் பாவம் இண்டைக்கும் என்னை அரிக்குது."

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவகுமரன் கண் கலங்க அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். படகென்றால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கத்தான் செய்யும், அள்ளி ஊற்றினால் சரி, தீவார் எல்லோருக்கும் அது தெரியும் என்றார்.

"உங்களைத் தேடி வந்தது நன்றி சொல்ல மட்டுமில்லை, மன்னிப்புக் கேக்கவும்தான் அக்கா. ஓட்டை எண்டு உங்கட காதுக்குள்ளை சொன்னதே நான்தான்."