நெருங்கியவரின் எண்

அன்று நான் அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் பதினோராவதாக என் பெயர் இருந்தது.

என் பெயர், என் பிறந்த தேதி, என் அடையாள அட்டை எண். கைபேசி எண் மட்டும் அப்பாவுடையது.

நான் வாழ்நாளில் ஒரு காசு வைத்து ஆடியதில்லை. ஆடுகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பதுதான் என் வேலை. மாத வரம்புக்கு மேல் ஒருவர் தோற்றால், ஆன்லைன் சூதாட்ட நிறுவனமே அவரை அழைத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்று அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறது. தோற்க வைப்பதும் நாங்களே, கண்ணைத் துடைத்துவிடுவதும் நாங்களே. இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது? வீட்டில் பேங்க் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன்.

வீடு என்றால் அப்பாவும் நானும் மட்டும்தான்.

போன வருஷம் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போய், சூதாட்டத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு வந்தேன். இனி எந்த நிறுவனமும் அவர் பெயருக்குக் கணக்குத் திறக்காது. படியிறங்கும்போது நடுவில் நின்று, நாலு பேர் பார்க்க, என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். நான் அழுதேவிட்டேன்.

அவர் பெயருக்குத் திறக்காது. சரி.

போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று சட்டென்று ஞாபகம் வந்தது.

"வெளிச்சத்துல நில்லுடா. கண்ணைச் சிமிட்டு. இப்ப தலையை இந்தப் பக்கம் திருப்பு."

அப்பா கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெண் பார்க்கப் படம் எடுக்கிறார் என்று நினைத்து, நான் வேறு தலையைப் படிய வாரி, இருந்ததில் நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு நின்றேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் அது கணக்குத் திறப்பதற்கான ஆள் சரிபார்ப்பு என்று எங்கள் அலுவலகத்தில் தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்கு உறைக்கவில்லை. பெற்ற அப்பா படம் எடுத்தால் யாருக்கு உறைக்கும்?

பட்டியலில் யாரையும் தாண்டிப்போக அனுமதியில்லை. அழைத்தேன்.

பின்னால் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் சத்தம். அப்பா அச்சகத்தில் வேலையில் இருந்தார்.

என் பெயரைச் சொல்லி, அவர்தானா பேசுவது என்று கேட்டேன். எழுதிக்கொடுத்த தமிழ், பாடம் ஒப்பிக்கிற குரல். வீட்டில் நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

"ஆமா சார், நான்தான்," என்றார், வாய் கூசாமல்.

கேள்வித்தாளில் இல்லாவிட்டாலும் வயதைக் கேட்டேன். இருபத்தாறு என்றார். முப்பது வருஷம் காகிதத் தூசியைத் தின்ற தொண்டைக்கு இருபத்தாறு வயதாம். என்ன நெஞ்சழுத்தம்!

சக்திக்கு மீறி இழந்துவிட்டீர்களா என்பது முதல் கேள்வி. ஆமாம் என்றார். நிறுத்த முயன்றீர்களா என்பது இரண்டாவது. அதற்கும் ஆமாம். மூன்றாவதாக, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அப்பாவுக்குத் தெரியாது சார். என்னை ரொம்ப நம்பிட்டிருக்கார். தெரிஞ்சா தாங்க மாட்டார்."

பற்றிக்கொண்டு வந்தது. என் பெயரைத் திருடி, என் முகத்தைத் திருடி, இப்போது என் வாயாலேயே தன்மேல் இரக்கம் தேடுகிறார். நேரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

அப்புறம்தான் புரிந்தது. அப்பா என்று அவர் சொன்னது தன்னையல்ல, என்னை. அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தவன் நான்தானே.

வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விரல் பொத்தான்வரை போய்விட்டது. ஆனால் நான்காவது கேள்வியைக் கேட்காமல் வைத்தால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில்தான் கேட்டேன். பாசத்தில் கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்று சமீபத்தில் எப்போதாவது தோன்றியதா?

இயந்திரம் நான்கு தடவை வெட்டியது.

"இன்னிக்குக் காலையிலகூடத் தோணுச்சு சார்."

காலையில் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவர்தான்.

மேசையிலிருந்த சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். இந்தப் பதில் வந்தால் இணைப்பைத் துண்டிக்கவே கூடாது. நெருங்கிய ஒருவரின் எண்ணை வாங்க வேண்டும். மேற்பார்வையாளர் வேறொரு இணைப்பில் அந்த நபரைப் பிடித்து, ஓடிப்போய் இவர் பக்கத்தில் நிற்கச் சொல்வார். எங்கள் மேற்பார்வையாளர் அக்கா எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

எண்ணைக் கேட்டேன்.

எங்கப்பா நம்பர் தரேன் சார் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னார். பாதிக்கு மேல் நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. அது என் எண்.

அக்கா அந்த எண்ணை அழுத்திக் காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். எங்கள் கைபேசிகளை வேலைக்கு வரும்போதே வாசலில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். என்னுடையது அங்கே கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

"எடுக்கலப்பா. வேற யாராவது இருக்காங்களான்னு கேளு," என்றார் அக்கா.

வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தேன். கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேன்ப்பா," என்றேன், வீட்டில் பேசுகிற குரலில்.

அந்தப் பக்கம் இயந்திரம் நின்றது.