வல்லாரைக் கூரை

“அண்ணை, உங்கட அறைக் கூரையில கொஞ்சம் மண் போடட்டே?”

வாயில் இருந்த தேநீரை ஹியூபேட் சிரமப்பட்டு விழுங்கினார். “மண்ணா? கூரையிலயா?”

“ஓம். நாலு அங்குலம் காணும். மேல வல்லாரை, பொன்னாங்காணி நட்டுவிட்டா உள்ளுக்குக் குளுகுளுவெண்டு இருக்கும். தகரம் எல்லோ, வெக்கை தாங்கேலாமக் கிடக்கு.”

கேட்டவன் நாகேந்திரம். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவன். கொட்டாஞ்சேனையில், ஹியூபேட் வீட்டின் பின்வளவில் இருந்த ஒற்றை அறையில் மனைவி கௌரியோடு ஆறு மாதமாகக் குடியிருந்தான். அதற்கு முன் ஹியூபேட்டின் சைக்கிளும் உடைந்த கதிரைகளும் குடியிருந்த அறை அது.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஹியூபேட்டுக்கு யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்லி வராது. “கூரை இறங்கிருமே தம்பி” என்று மட்டும் இழுத்தார். நாகேந்திரம் அதற்கும் வழி வைத்திருந்தான். அடுத்த சனிக்கிழமையே கூரைக்குக் கீழே இரண்டு மரத்தூண் முட்டுக்கொடுத்தான். தகரத்தின் மேல் தடித்த பொலித்தீனை விரித்து, ஓரமெல்லாம் பலகை அடித்தான். பிறகு மண்ணை மூட்டை மூட்டையாகத் தோளில் ஏற்றினான்.

அங்கேதான் வினை பிடித்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டில் கொழும்பில் ஒரு தமிழன் மண் மூட்டை சுமந்தால், வல்லாரை நடத்தான் போகிறான் என்று யார் நம்புவார்கள்?

மூன்றாம் வாரம் வல்லாரை படர்ந்தது. நாலாம் வாரம் பொலிஸ் வந்தது.

“மேக்க மொகக்த?” இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார் சார்ஜன். “இங்கே பங்கர் கட்டுவதாக முறைப்பாடு வந்திருக்கிறது.”

ஹியூபேட்டின் மனைவி டோரின் கதவுக்குப் பின்னால் நின்று அந்தோனியாரைக் கூப்பிட்டாள். முப்பது வருடம் துறைமுகத்தில் சரளமாகப் பேசிய சிங்களம் அந்த நேரம் பார்த்து ஹியூபேட்டைக் கைவிட்டது. வல்லாரைக்கு உரிய சொல் மட்டும்தான் வாயில் வந்தது. “கொட்டுக்கொள, மாத்தயா… கொட்டுக்கொள சம்பல்!” என்று கூரையைக் காட்டினார்.

சார்ஜன் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறினார். பொல்லால் மண்ணைக் குத்திப் பார்த்தார். பிறகு சப்பாத்துக் காலால் இரண்டு தரம் ஓங்கி மிதித்தார்.

“உள்ளே யார்?”

“என் மனைவி, சேர்” என்றான் நாகேந்திரம்.

“நான் மிதித்தது கேட்டதா என்று கேள்.”

நாகேந்திரம் அறைக்குள் போய்விட்டு வந்தான். “கேட்கவில்லையாம், சேர்.”

சார்ஜனின் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. இறங்கி வந்து கொப்பியைத் திறந்தார். மண் எத்தனை அங்குலம், பொலித்தீன் எவ்வளவு தடிப்பு, தூணுக்கும் தூணுக்கும் என்ன இடைவெளி என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதினார்.

ஹியூபேட் எட்டிக் கொப்பியைப் பார்த்தார். சத்தம் கேட்காத அறை! உள்ளே இரகசியக் கூட்டம் நடக்கிறது என்று எழுதுகிறான். அறை கொடுத்த குற்றத்துக்கு நானும் உள்ளேதான்.

“ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவேன்” என்றார் சார்ஜன் நாகேந்திரத்திடம். “எங்கேயும் போகாதே.”

அவர் போன பிறகு டோரின் வெளியே வந்தாள். “தம்பி, பேசாம ரெண்டு பேரும் வெள்ளவத்தைப் பக்கம் போயிருங்க.”

“ஓடினா இன்னும் சந்தேகம் அக்கா” என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை சார்ஜன் சொன்ன நேரத்துக்கு வந்தார். சீருடை இல்லை. ஜீப்பும் இல்லை. சாரமும் சேர்ட்டுமாக ஒரு பழைய வான் வண்டியில் வந்திருந்தார். அது பொலிஸ் ஜீப்பைவிடப் பயமாக இருந்தது. நாகேந்திரத்தை ஏற்றிக்கொண்டார். வானின் நம்பரை எழுத ஹியூபேட் பேனையைத் தேடி எடுப்பதற்குள் அது சந்தியில் திரும்பிவிட்டது.

டோரின் மெழுகுதிரி கொளுத்தக் கொச்சிக்கடைக் கோயிலுக்கு ஓடினாள். ஹியூபேட் தெரிந்த ஒரு லோயரின் வீட்டுக்கு ஓடினார். லோயர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, கௌரி அறை வாசற்படியில் கேற்றையே பார்த்தபடி இருந்தாள்.

பின்னேரம் நாலு மணிக்குக் கேற் திறந்தது. நாகேந்திரம் நின்றான். தலையில் இருந்து கால்வரை மண். கையில் பெரிய ஈரப்பலாக்காய் ஒன்று.

கௌரி எழும்பி உள்ளே போய், கதவின் பின்னால் நின்று அழுதாள்.

“அடிச்சானுகளா தம்பி?” என்று அவனுடைய தோளைத் தடவிப் பார்த்தார் ஹியூபேட்.

“அடியோ? ரெண்டு தரம் சோறு போட்டவை அண்ணை. இந்த ஈரப்பலாக்காய் அந்தாளின்ர அம்மா தந்துவிட்டது.”

“அப்ப இந்த மண்?”

“களனியில அவையின்ர வீட்டுப் பின்னறைக் கூரைக்கு மண் போட்டுக் குடுத்திட்டு வாறன்.”

ஹியூபேட்டுக்கு உயிர் திரும்பி வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். “அடப்பாவி மனுசா! இதுக்கா எங்கள இந்தப் பாடு படுத்தினான்? ஏன், அவன் வீட்டுலயும் வெக்கையா?”

நாகேந்திரம் சிரிக்கவில்லை.

“வெக்கை இல்லை அண்ணை. அந்தாளின்ர தம்பிக்காரன் ஆமியில இருந்து திரும்பி வந்திருக்கிறான். தகரத்தில நாலு துளி மழை விழுந்தாலும், ஷெல் எண்டு கத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழ பூந்திடுவானாம்.”

அவன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எங்கட கௌரியைப் போலத்தான்.”