வலி இல்லாத நடை

கணுக்கால் பட்டைக்குள் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு மறுபடியும் பிய்ந்திருந்தது. நார்வேயில் ஒரு துறைமுக ஊர் கிளினிக்கில் பட்டைகளைச் சரிசெய்யும் இங்குன் எரிச்சலை அடக்கிக்கொண்டாள்.

"என்ன பெரியவரே, திரும்பவும் பிச்சுட்டீங்களா? இது இல்லாம நடந்தா உயிர் போற மாதிரி வலிக்குமே!"

ஹல்வோர் திருதிருவென விழித்தார். "நானாம்மா? ஞாபகமே இல்லையே."

"இப்பல்லாம் எதுதான் ஞாபகம் இருக்கு?" என்றாள் பக்கத்திலிருந்த அவர் மனைவி மாரித்.

இங்குன் புது ஸ்பாஞ்சு ஒட்டிப் பட்டையை மாட்டிவிட்டாள். ஹல்வோர் நடந்து பார்த்தார். "அட, வலியே இல்ல!" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

மாரித் இங்குனின் கையைப் பிடித்தாள்.

"பிச்சது நான்தாம்மா. வலி இல்லேன்னா நேரா கடலுக்குப் போயிடறாரு. மூழ்கிச் செத்த எங்க பையனைத் தேடித் தண்ணியில இறங்கறாரு. இழுத்துட்டு வர எனக்குத் தெம்பில்ல."

இங்குன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சீக்கிரம் வாயேன் மாரித்," வாசலிலிருந்து ஹல்வோர் கூப்பிட்டார். "பையன் காத்துட்டிருப்பான்."