கழட்டக் கூடாதது

கண்ணாடியில் பார்த்தாள்.

இரண்டு காதுக்கும் பின்னால் ஒவ்வொரு கோடு. தாடைக்கு அடியில் ஒன்று. டாக்டர் ஊதா மையால் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த வழியாகத்தான் கத்தி போகும்.

தொங்குகிற தோலை இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைத்துவிடுவார்களாம். உள்ளே கட்டுகிற நீர் வடிய ஒரு குழாய் வைப்பார்களாம். வீங்கும். கன்றிப்போய் நீலம் பாரிக்கும். காதோரம் மாதக்கணக்கில் மரத்துக் கிடந்தாலும் கிடக்கும்.

இத்தனையும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

அவள் புருஷன் கேட்டது ஒன்றே ஒன்று.

"பங்குனிக்குள்ள வீக்கம் வடிஞ்சுருமுங்களா?"

பங்குனியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம், மேளம், வீடியோ எல்லாம் பேசியாயிற்று. மகனுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "உன்ற கழுத்து வான்கோழியாட்டத் தொங்குது. இந்தத் தடவ போட்டோவுல அசிங்கமா இருக்கக் கூடாது" என்றார். அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

வேண்டாம் என்றாள். பயமாக இருக்கிறது என்றாள். அழுதுகூடப் பார்த்தாள்.

மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

நர்ஸ் தட்டோடு வந்தாள்.

"அம்மா, தோடு, வளையல், தாலிக்கொடி எல்லாத்தையும் கழட்டிருங்க."

கால்மேல் கால் போட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்தார். இதை அவர் யோசித்திருக்கவேயில்லை.

"தாலிய எப்படிங்க கழட்டறது? ஓரமா ஒதுக்கி வெச்சுட்டுப் பண்ண முடியாதுங்களா?"

"ஆபரேஷனே கழுத்துலதானே சார்."

அவர் முகம் வெளுத்துப்போனது. ஏசி அறையில் வேர்த்துக் கொட்டியது.

"வேண்டாமுங்க. நான் குத்துக்கல்லாட்ட உசுரோட இருக்கறப்ப தாலியக் கழட்டி, எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

அடேயப்பா.

கத்தி அவள் கழுத்துக்கு. உயிர்ப்பயம் அவருக்கு!

"ஆபரேஷனே வேண்டாம். கெளம்பு புள்ள, ஊட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அவள் அழுதபோது பதறாத மனுஷன். குழாய் வைப்பார்கள் என்றபோது கொட்டாவி விட்ட மனுஷன். இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கட்டிலை விட்டு இறங்கினாள். தாலிக்கொடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைவழியாகக் கழற்றினாள்.

"ஐயோ!" என்றார்.

கழற்றியதை அவர் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

"உங்க உசுருதானுங்க. நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க."

நர்ஸ் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கதவைத் திறந்து வராந்தாவில் நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள்.

"எடு புள்ள. ஆளுக பாக்கறாங்க. மானம் போகுது."

அவள் நின்றாள். திரும்பினாள்.

"உங்களுக்குக் கையில்லீங்களா? கழட்டுங்க."

அவர் கொடியைப் பிடித்தார். மார்புக்கு மேலே தூக்கினார்.

தாடைவரை வந்த கை, அங்கேயே நின்றது.