ஆழமாக வெட்டிய பெயர்

அன்று பூங்காவில் தூறல் இருந்ததா, வெயில் அடித்ததா என்று கல்தச்சருக்கு இப்போது சரியாக நினைவில்லை. அந்தத் தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது மட்டும் மறக்கவில்லை.

"நல்லா ஆழமா வெட்டுங்கண்ணே. எட்ட நின்னு பார்த்தாலும் எம்மவன் பேரு தெரியணும்" என்றாள்.

பூங்காவின் போர் நினைவுச் சுவரில் அவர் இதுவரை நானூறு பெயர்களுக்கு மேல் செதுக்கிவிட்டார். போரில் காணாமல் போனவன் பெயர் என்றால், அவன் இறந்ததாக ஏற்று பெற்றவர்கள் முதலில் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். எந்தத் தாயும் லேசில் போடமாட்டாள். என்றைக்காவது வந்து கதவைத் தட்டுவான் என்று நாளைக் கடத்துவாள். இவளோ மூன்றே மாதத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவர் உளியைக் கீழே வைத்தார். "வெட்டிட்டா அழிக்க முடியாது தங்கச்சி. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே?"

"எதுக்கு? வாரம் தவறாம ராணுவ வண்டி வந்து வாசல்ல நிக்குது. வந்தானா, போன் பண்ணினானான்னு குடையுறாங்க. கல்லுல பேரு ஏறிட்டா ஃபைலை மூடிடுவாங்களாம்."

"தொல்லை விட்டாப் போதும்னு பெத்த பிள்ளையைச் சாகடிக்கிறியா?" கேட்ட பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் குனிந்து உளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன மேஸ்திரி, காலையிலேர்ந்து ரெண்டே எழுத்தா? நீங்க கல்லைச் செதுக்குறீங்களா, கல்லு உங்களைச் செதுக்குதா?" என்று பூங்காக் காவலாளி சீண்டிவிட்டுப் போனார். இருவரும் சிரிக்கவில்லை.

மதியம் வேலை முடிந்தது. பெயரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். குடும்பத்தார் அதற்காகக் காத்திருந்து வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். அவள் எழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

தான் சொன்ன சொல் அவருக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தாளைச் சுருட்டிக்கொண்டு, மனுவில் இருந்த முகவரியைத் தேடிப் போனார்.

கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளே அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். கல்லாகத் தெரிந்த மனுஷிக்குள் இத்தனை அழுகையா என்று கையைத் தாழ்த்திக்கொண்டார்.

பிறகு அவள் குரல் கேட்டது.

"போதும், பரணை விட்டு எறங்கி வாடா... இனிமே உன்னைத் தேடி ஒருத்தனும் வரமாட்டான்."